நான் எழுதிய வெள்ளிக்கிழமை

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஆடி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திருச்சியில் எங்கள் சர்ச் ஹாலில் ஆரம்பித்தது இது. அன்றைக்குக் கிடைத்த கைதட்டல் எனக்கு அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பின்பும் கிடைக்கவில்லை. அந்தக் கைதட்டலுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரிய மூன்று வாரம் ஆயிற்று.

நான் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். குறிப்பாக இலக்கியக் கோட்பாடு. பிள்ளைகள் தூங்கி வழியும் பாடம் அது. அதில் ஒரு கோட்பாட்டை மட்டும் நான் ரசித்து ரசித்து நடத்துவேன். எழுதி முடித்த பிறகு எழுத்தாளனுக்கு வேலை இல்லை, அவன் என்ன நினைத்து எழுதினான் என்பது யாருக்கும் முக்கியமில்லை, படிக்கிறவர் எப்படி எடுத்துக்கொள்கிறாரோ அதுதான் அர்த்தம் என்று சொல்கிற கோட்பாடு. கரும்பலகையில் ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு, பத்துப் பேரிடம் பத்து அர்த்தம் வாங்கி, பார்த்தீர்களா என்று கண் சிமிட்டுவேன்.

இந்தப் பாடத்தை நான் சர்ச்சுக்கும் தூக்கிக்கொண்டு போனேன். கடவுள் இருக்கிறாரா, இருந்தால் ஏன் கஷ்டம் வருகிறது என்றெல்லாம் இளைஞர்கள் கேட்கும்போது, பெரியவர்கள் வசனம் வசனமாக அடுக்கிப் பதில் சொல்வார்கள். கேட்டவன் வாயை மூடிக்கொள்வான். அவ்வளவுதான். அடுத்த வாரம் அவன் வரமாட்டான். வாதாடாதீர்கள், கதை சொல்லுங்கள், கேட்பவன் அந்தக் கதைக்குள் நுழைந்து தன் பதிலைத் தானே கண்டுபிடிக்கட்டும் என்று நான் போதகரிடம் மல்லுக்கட்டி, மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் ‘விசுவாசமும் கதையும்’ என்று ஒரு கூட்டம் ஆரம்பித்தேன். யார் வேண்டுமானாலும் வரலாம். நான்தான் எழுதுவேன், நான்தான் வாசிப்பேன், நான்தான் விளக்குவேன். என் மனைவி இதற்கு வேறு ஒரு பெயர் வைத்திருந்தாள். அதை இங்கே எழுத முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் சர்ச் வாசலில் ஒரு ஜெபப் பெட்டி உண்டு. மனதில் இருக்கும் பாரத்தை ஒரு சீட்டில் எழுதி யார் வேண்டுமானாலும் போடலாம். போடுபவர்களில் பாதிப் பேர் எங்கள் சபையைச் சேர்ந்தவர்கள் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், எல்லோரும் போடுவார்கள். புதன்கிழமை காலையில் ஆறு பேர் கூடி அதைத் திறந்து, ஆளுக்குக் கொஞ்சம் சீட்டு எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் அவர்களுக்காக ஜெபம் செய்துவிட்டுக் கிழித்துப் போட வேண்டும். சீட்டில் இருப்பது வெளியே போகக்கூடாது. அந்த ஆறு பேரில் நானும் ஒருவன்.

அந்த ஆனி மாதத்தில் என் பங்குக்கு வந்த சீட்டுகளில் ஒன்று என்னைத் தூக்கிவாரிப் போட்டது. காலண்டர் தாளின் பின்பக்கத்தில், பேர் இல்லாமல், குண்டு குண்டான எழுத்தில் நாலே வரி. ‘என் பையன் அப்பாவோட சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆகுது. அன்னைக்குக் கத்திரிக்காய் குழம்பு வெச்சிருந்தேன். சாப்பிடாமப் போயிட்டான். அதுக்கப்புறம் நான் கத்திரிக்காய் வாங்கலை.’

நான் வகுப்பில் எத்தனையோ பெரிய எழுத்துகளை நடத்தியிருக்கிறேன். இந்தக் கடைசி வரியைப் போல ஒன்றைப் படித்ததாக ஞாபகம் இல்லை. அழுகை இல்லை, புலம்பல் இல்லை, சாமி காப்பாத்து என்றுகூட இல்லை. அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரெண்டு நாள் அலைந்தேன். அடிக்கோடு போட்டேன். ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதினேன். வியாழக்கிழமை ராத்திரியே கதை பிறந்துவிட்டது. தப்பாகவே தோன்றவில்லை. பேர்தான் இல்லையே, யாருக்குத் தெரியப்போகிறது?

ஒரு தாய் தனியாகப் பேசுவது போலக் கதை. மகன் போனது, கத்திரிக்காய் வாங்காமல் விட்டது எல்லாம் அப்படியே எடுத்துக்கொண்டேன். முதலில் எழுதியபோது கதைக்கு முடிவு இல்லை. அவள் காத்திருக்கிறாள், அவ்வளவுதான். ஆனால் முடிவில்லாத கதையை வைத்துக்கொண்டு கடவுள் கேட்கிறார் என்று எப்படி நிரூபிப்பது? அதனால் ஒரு வெள்ளிக்கிழமை அவள் மறுபடி கத்திரிக்காய் வாங்கிக் குழம்பு வைப்பதாகவும், விளக்கு ஏற்றுகிற நேரத்தில் வாசலில் மகன் வந்து நிற்பதாகவும் முடித்தேன். வெள்ளிக்கிழமையை நான் சும்மா வைக்கவில்லை. ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட நாள், துக்கத்தின் நாள் மகிழ்ச்சியின் நாளாக மாறுகிறது என்று குறியீடு. அந்தக் குறியீட்டில் எனக்கு ரொம்பப் பெருமை.

வாசித்து முடித்ததும் ஹாலில் ஊசி விழுந்தால் கேட்கும். பிறகு கைதட்டல். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது என் மனைவி மட்டும், “நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அந்தப் பையன் இவ்வளவு சுலபமாவா வந்துருவான்?” என்றாள். உனக்கு விசுவாசம் போதாது என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை மதியம், எங்கள் துறை வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் தோளில் தோல் பையோடு நின்றார். ஐம்பதைத் தாண்டிய வயது. டவுன் பஸ் கண்டக்டர், சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகிற வண்டி. டூட்டிக்கு நடுவில் வந்திருந்தார். சர்ச்சில் கதை சொன்ன சார் நீங்கள்தானா என்று கேட்டார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பாராட்ட வந்திருக்கிறார் போலிருக்கிறது என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

“சார், வெள்ளிக்கிழமைன்னு சொன்னீங்க. எந்த வெள்ளின்னு சொல்லலைங்களே. மூணு வெள்ளி போயிடுச்சு.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எதைக் கேட்கிறீர்கள் என்றேன். “எங்க பையன் வர்ற வெள்ளிங்க சார்” என்றார்.

கை கால் சில்லிட்டுப் போவது என்று எழுதுவார்கள். அது வெறும் வார்த்தை இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தச் சீட்டை எழுதியவர் அவருடைய மனைவி. அன்று சாயங்காலம் ஹாலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சீட்டுப் போட்ட இடத்தில் கூட்டம் நடக்கிறதே, ஏதாவது சொல்வார்களோ என்று வந்தவர். கத்திரிக்காயைச் சொன்னதும் அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டதாம். ஏனென்றால் அது யாருக்கும் தெரியாது. “எனக்கே தெரியாதுங்க சார். ரெண்டு வருஷமா வீட்டுல கத்திரிக்காயே இல்லைங்கறதை நான் கவனிச்சதே இல்லை. சீட்டுல எழுதி சாமிகிட்ட மட்டும்தான் சொன்னாளாம். அப்ப சாமிதானே சார் உங்க வாயில பதில் சொல்லியிருக்கணும்?” என்றார் அவர்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி. சோதித்துப் பார்த்து, சீக்கிரம் எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். ஆபரேஷன் செய்கிற டாக்டர் அந்த ஆஸ்பத்திரிக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் வருவார். இந்த அம்மாவோ வெள்ளிக்கிழமை வீட்டை விட்டு அசைய மாட்டேன் என்கிறார். பையன் வரும்போது வாசல் பூட்டிக் கிடந்தால்? மூன்று வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல், கத்திரிக்காய் குழம்பு வைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். ஆடி வெள்ளி வேறு. ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு வெள்ளிக்கிழமை என்றால் கோயிலில் தாயாருக்கு உகந்த நாள். நான் வைத்த சிலுவை அங்கே யார் கண்ணிலும் படவே இல்லை. படிக்கிறவர் எடுத்துக்கொள்வதுதான் அர்த்தம் என்று வருஷக்கணக்காக நடத்தினேனே, அந்தப் பாடம் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றது.

அது வெறும் கதைதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். “நாளைக்கு விட்டா டாக்டர் ஒரு மாசம் லீவாம் சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஆபரேஷன் முடிஞ்சு அப்புறம் வர்ற வெள்ளிதான் பையன் வருவான்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேட்டுப்பா.” கையெடுத்துக் கும்பிட்டார். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் கேட்டது எனக்கு அப்போது பெரிய நிம்மதியாக இருந்தது. ஒரு கதையால் வந்த வினையை இன்னொரு கதையால் தீர்த்துவிடலாம். மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். சரி, சாயங்காலம் வருகிறேன் என்றேன்.

ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ‘அம்மா, நேற்று ஜெபத்தில் எனக்கு ஒன்று உணர்த்தப்பட்டது.’ குரலை எங்கே இறக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதுகூடத் தயார். கீழே ஆடித் தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு உயிரைக் காப்பாற்றச் சொல்கிற பொய்தானே என்று எனக்கு நானே பத்து முறை சொல்லிக்கொண்டேன்.

கோயிலின் வடக்கு வாசலைத் தாண்டி ஒரு சந்தில் வீடு. கண்டக்டர் வாசலிலேயே நின்று கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்ததும் பதறிப்போய், “வாங்க சார், வாங்க, உக்காருங்க” என்று ஃபேனை என் பக்கம் திருப்பினார். ரங்கநாதரிடமும் சொல்லியாயிற்று, சமயபுரத்தாளிடமும் சொல்லியாயிற்று, எங்கள் பெட்டியில்தான் பதில் வந்தது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். முகம் வெளுத்துக் கிடந்தது. அந்தச் சிரிப்பு மட்டும் பளிச்சென்று இருந்தது. மறுநாள் சமையலுக்கு வாங்கி வைத்த கத்திரிக்காய் மூலையில் ஒரு கூடையில் இருந்தது.

பிறகு அவர் கேட்டார், “சார், அவன் எப்படி இருந்தான்? இளைச்சிருந்தானா?”

நான் மகனைப் பார்த்தேன் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். தரிசனம் போல ஏதோ கண்டு சொன்னேன் என்று. இளைத்திருந்தான் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகாது. தாடி விட்டிருந்தான் என்றுகூடச் சொல்லலாம். எழுதுகிறவனுக்கு அதுவா கஷ்டம்? ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, இன்னும் ஒரு பொய்யான பிள்ளையை அந்தத் தாயின் மடியில் வைக்க என்னால் முடியவில்லை.

“நான் அவனைப் பாக்கலைம்மா. எனக்கு யாரும் எதுவும் சொல்லலை. நானா எழுதினேன். வெள்ளிக்கிழமையும் நான் வெச்சதுதான்” என்றேன்.

கண்டக்டர் சட்டென்று எழுந்துவிட்டார். “என்ன சார் இது, என்ன சொல்லச் சொன்னேன், என்ன சொல்றீங்க?” என்று கத்தினார். அவர் என்னை அடித்திருந்தாலும் நான் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்த அம்மா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். அழுவார், மயங்கி விழுவார், என்னை வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எதுவும் நடக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார். சீட்டை நீங்கள்தான் எடுத்தீர்களா? ஆமாம். படித்தீர்களா? படித்தேன். அதை வைத்துத்தான் கதை எழுதினீர்களா? ஆமாம்மா.

“சரி. எனக்காக ஜெபம் பண்ணீங்களா?”

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நொடி எனக்கு ஏற்பட்ட அதிர்ச்சியை, மதியம் ஏற்பட்டதோடு ஒப்பிடவே முடியாது. மதியம் அதிர்ந்தது என் கதை செய்த வேலையைக் கண்டு. இது என்னையே கண்டு. அந்தச் சீட்டை நான் இருபது தடவையாவது படித்திருப்பேன். ரசித்தேன், அடிக்கோடு போட்டேன், குறிப்பு எழுதினேன், மேடையேற்றினேன், கைதட்டல் வாங்கினேன். ஜெபிக்கவே இல்லை. ஒரு தடவைகூட, ஒரு நிமிஷம்கூட. ஜெபிக்க வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது. அதற்காக மட்டும்தான் அந்தச் சீட்டு என் கைக்கு வந்தது.

“இல்லம்மா” என்றேன்.

அந்த அம்மா என்னை உற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் வந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஆனால் அது வந்த வேகத்தில் இன்னொன்றாக மாறியது. என்னவென்று எனக்கு முதலில் புரியவில்லை.

“அப்ப என் சீட்டு இன்னும் போயே சேரலை” என்றார் மெதுவாக. கணவர் பக்கம் திரும்பி, “கேட்டீங்களா? இன்னும் சாமிக்கே போகலையாம். வரமாட்டான்னும் சொல்லலை, வருவான்னும் சொல்லலை. இவர் கையிலயே கிடந்திருக்கு” என்றார். பிறகு என்னிடம், கடையில் நின்று பொருள் கேட்கிற குரலில், “இப்பப் பண்ணுங்க” என்றார். என் முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மைக் இல்லாமலே இரண்டு மணி நேரம் பேசக்கூடியவன் நான். எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கடவுளைப் பற்றி எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறேன்! அவரிடம் பேசிப் பல நாளாகிவிட்டது என்பது அந்தச் சின்ன அறையில்தான் எனக்கு உறைத்தது. கண்ணை மூடினால் என் குரல்தான் எனக்குக் கேட்டது. அதை நம்பவும் பயமாக இருந்தது. கடைசியில் சீட்டில் இருந்ததை மட்டும் சொன்னேன். இந்த அம்மாவின் பையன் ரெண்டு வருஷமாக வீட்டுக்கு வரவில்லை, எங்கே இருக்கிறான் என்று எங்களுக்குத் தெரியாது, உமக்குத் தெரியும், நாளைக்கு இவர்களுக்கு ஆபரேஷன், பயமாக இருக்கிறது, கூட இரும். ஒரு உவமை இல்லை, குறியீடு இல்லை. நல்ல வாக்கியம் என்று ஒன்றுகூட இல்லை. ஆமென் என்று நான் சொன்ன பிறகும் அவர் கொஞ்ச நேரம் கண் திறக்கவில்லை.

திறந்ததும் என்னைப் பார்க்கவில்லை. கணவரிடம்தான் கேட்டார். “காலையில எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க?”

கண்டக்டர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆறு மணிக்கு என்று விரலால்தான் காட்ட முடிந்தது. “பக்கத்து வீட்டுல சாவியைக் குடுத்துட்டுப் போவோம். அவன் வந்தா உக்காரச் சொல்லட்டும்” என்றார் அந்த அம்மா. நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தார். மன்னித்துவிடுங்கள் என்றேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. “இனிமே யார் சீட்டையும் இப்படிப் பண்ணாதீங்க சார்” என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் ஆபரேஷன் நடந்தது. நான் கண்டக்டர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னோடு பேசவில்லை, எழுந்து போகவும் சொல்லவில்லை. கட்டியை முழுவதும் எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு மாதம் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை. அதன் பிறகு மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டி மறுபடி முளைத்தது. இப்போது நடமாடுகிறார்.

நடந்ததையெல்லாம் சர்ச்சில் சொன்னேன். ஒரு வருஷம் பெட்டிப் பக்கமே வராதே என்றார் போதகர். நியாயம்தான். கதைக் கூட்டத்தையும் நிறுத்தினேன். மறுபடி ஆரம்பித்தபோது, வாசிப்பதற்கு முன்னால், இது நானாக எழுதியது, ஆண்டவர் சொன்னது இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன். கோட்பாட்டை இன்னும் வகுப்பில் நடத்துகிறேன். கண் சிமிட்டுவதில்லை.

பையன் இதுவரை வரவில்லை. வருவானா என்று எனக்குத் தெரியாது. தினமும் காலையில் அவனுக்காக ஜெபிக்கிறேன், அதுவும் அவன் அம்மா கேட்டதால்தான். ஆனால் யாராவது தன் துக்கத்தை என்னிடம் சொல்ல ஆரம்பித்தால், இதை எப்படி எழுதலாம் என்றுதான் என் மூளை இன்றைக்கும் முதலில் கேட்கிறது. அது கேட்டு முடிப்பதற்குள், ஒரு கடிதத்தைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்க்காமல் பிரித்துப் படித்துவிட்ட தபால்காரனைப் போல வெட்கத்தில் என் முகம் சுட்டுவிடுகிறது, அந்தச் சூடு ஆறிவிடக் கூடாது என்பதுதான் இப்போது எனக்காக நான் செய்கிற ஒரே ஜெபம்.